பிரிஸ்பேன் ஆசியாவின் பக்கம் திரும்பியது எப்படி?

மாகாண நகரம் ஒன்றில் இருக்கும் அருங்காட்சியகம் சமகாலக் கலையைச் சேகரிக்க முடிவு செய்தால், முதலில் முட்டிக்கொள்வது பணத்தில். அடுத்து, காலத்தில். தலைநகரத்துக் கூடங்கள் நூறு வருடமாக வாங்கிச் சேர்த்திருக்கும். நல்லதெல்லாம் ஏற்கெனவே கைமாறியிருக்கும். மிச்சம் இருப்பதன் விலை எட்டாத உயரத்தில் நிற்கும். இந்த நிலைமையில் பல மாகாண அருங்காட்சியகங்கள் ஒரே வழியில் போய்ச் சிக்கிக்கொள்கின்றன. பெரிய கூடங்களில் இருக்கும் பெயர்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயரிலும் ஒரு சின்னப் படம், ஒரு அச்சுப் பிரதி, கலைஞரின் சுமாரான காலத்திலிருந்து ஒரு கேன்வாஸ் என்று வாங்குகின்றன. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாப் பெயரும் இருக்கும். ஊர் விட்டு ஊர் வந்து பார்க்கும்படி ஒன்றும் இருக்காது.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வந்த கூடங்கள் சில உண்டு. அவற்றில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில் உள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தின் கதையை விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். அது எடுத்த முடிவுகள் வெளிப்படையானவை, தேதியோடு பதிவானவை. அவற்றின் பலனையும் பாதகத்தையும் இன்று அங்கே போய்க் கண்ணால் பார்க்க முடியும்.

1895-இல் தொடங்கப்பட்ட கூடம் அது. ஆனால் தொடங்கி எண்பது வருடத்துக்கும் மேலாகத் தனக்கென்று ஒரு நிரந்தரக் கட்டடம் இல்லாமல் இடம் மாறி மாறி இருந்தது. அந்தக் காலத்தில் நடந்த பெரிய சம்பவம் என்றால் 1959-ஐச் சொல்லலாம். ஹரால்டு டி வால் ரூபின் என்ற செல்வந்தர் கொடுத்த பணத்தில், லண்டன் ஏலத்தில், பிக்காஸோ 1905-இல் வரைந்த ‘லா பெல் ஹொலாந்தேஸ்’ 55,000 பவுண்டுக்கு வாங்கப்பட்டது. உயிரோடிருக்கும் ஒரு கலைஞருக்கு அதுவரை கிடைத்த மிக அதிக விலை அது என்று அப்போது பேசப்பட்டது. படம் பிரிஸ்பேனுக்கு வந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது, அருமையான படம். ஆனால் அதைத் தொடர்ந்து என்ன? பிக்காஸோவின் அடுத்த படத்தை வாங்கவோ, அவரைச் சுற்றியிருந்தவர்களின் படங்களைச் சேர்த்து அந்தக் காலகட்டத்தையே சொல்லவோ கூடத்திடம் வழியில்லை. ஒரு பெரிய நன்கொடை ஒரு பெரிய படத்தைத் தந்தது. சேகரிப்பு என்று சொல்லத்தக்க தொடர்ச்சி அதிலிருந்து பிறக்கவில்லை.

1982-இல் பிரிஸ்பேன் ஆற்றின் தென்கரையில், ராபின் கிப்சன் வடிவமைத்த புதிய கட்டடத்துக்குக் கூடம் குடிபோனது. அதே வருடம் கான்பெராவில் தேசியக் கலைக்கூடமும் திறந்தது. கான்பெரா அதற்கு முன்பே, 1973-இல், அமெரிக்க ஓவியர் ஜாக்ஸன் பொல்லாக்கின் ‘புளூ போல்ஸ்’ ஓவியத்துக்கு 13 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து நாடே விவாதிக்கும்படி செய்திருந்தது. மெல்போர்னுக்கு ஃபெல்ட்டன் என்ற மருந்து வியாபாரி விட்டுப்போன சொத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே பழைய ஐரோப்பிய ஓவியங்களை வாங்கித் தந்துகொண்டிருந்தது. சிட்னிக்கு அதன் பலம் தனி. புதுக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிஸ்பேன்காரர்கள் இவர்களோடு எதில் போட்டி போடுவது?

போட்டியை விட்டுவிட்டார்கள் என்பதே பதில். 1987-இல் இயக்குநராக வந்த டக் ஹால், அவருடன் இருந்த கரோலின் டர்னர் ஆகியோர் காலத்தில் கூடம் வேறு திசையில் பார்க்கத் தொடங்கியது. குயின்ஸ்லாந்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். அதன் வட முனைக்கு அப்பால் டோரஸ் நீரிணைத் தீவுகள்; அவற்றில் சிலவற்றிலிருந்து பாப்புவா நியூ கினியின் கரை சில கிலோமீட்டர்தான். கிழக்கே பசிபிக் தீவுகள், வடமேற்கே இந்தோனேசியா. ஆஸ்திரேலிய அரசும் அந்த வருடங்களில் தன் வியாபாரமும் பாதுகாப்பும் ஆசியாவைச் சார்ந்தவை என்று வெளிப்படையாகப் பேச ஆரம்பித்திருந்தது. குயின்ஸ்லாந்தில் நீண்ட காலப் பழமைவாத ஆட்சி முடிந்து 1989-இல் புது அரசு வந்தது. அரசியல் காற்றும் நிர்வாகத்தின் துணிச்சலும் ஒரே நேரத்தில் கூடிவந்தன. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஃபுகுவோகா நகரம் 1979-இல் தன் கலை அருங்காட்சியகத்தைத் திறந்தபோதே ஆசியக் கலைஞர்களின் கண்காட்சியோடுதான் திறந்தது. கியூஷு தீவில் இருக்கும் அந்தத் துறைமுக நகரத்துக்கு டோக்கியோவைவிட சோல் பக்கம். ஷாங்காய் ஏறக்குறைய டோக்கியோ இருக்கும் தூரம். டோக்கியோவைப் பார்த்து ஏங்குவதற்குப் பதில் கடலுக்கு அந்தப் பக்கம் பார்ப்போம் என்று ஃபுகுவோகா தீர்மானித்தது. 1979-80, 1985, 1989, 1994 என்று ஆசியக் கலைக் காட்சிகளை நடத்தி, அவற்றிலிருந்து வாங்கி, 1999 மார்ச்சில் ஆசியக் கலைக்கென்றே தனி அருங்காட்சியகம் திறந்தது. ஃபுகுவோகாவுக்கு அப்புறம் வருவேன். அது செய்ததும் பிரிஸ்பேன் செய்யாததும் சில உண்டு.

வழக்கமாக ஒரு அருங்காட்சியகம் சேகரிப்பை முதலில் கட்டும். கண்காட்சி அந்தச் சேகரிப்பிலிருந்து பிறக்கும். பிரிஸ்பேன் அதைத் திருப்பிப் போட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆசிய-பசிபிக் பகுதியின் கலைஞர்களை அழைத்துப் பெரிய கண்காட்சி வைப்பது, அதற்காகப் புதிய படைப்புகளைச் செய்யச் சொல்வது, கண்காட்சி முடிந்ததும் அவற்றில் தேர்ந்தெடுத்ததை வாங்கிக்கொள்வது. இதுதான் ஆசிய-பசிபிக் ட்ரையன்னியல். முதலாவது 1993 செப்டம்பரில் திறந்தது. தொடங்கும்போதே 1993, 1996, 1999 என்று மூன்று கண்காட்சிகளுக்குக் கூடம் உறுதி கொடுத்திருந்தது. இந்த உறுதியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு முறை மட்டும் நடக்கும் கண்காட்சியில் கலைஞர் வந்துவிட்டுப் போய்விடுவார். மறுபடி வருவோம் என்று இரு தரப்புக்கும் தெரிந்தால்தான் உறவு ஏற்படும், உறவு இருந்தால்தான் நல்ல படைப்பு நியாயமான விலைக்குக் கூடத்துக்கு வரும்.

1990-களின் தொடக்கத்தில் இந்தக் கண்காட்சிக்கு ஆள் தேடுவது லேசான வேலையாக இருக்கவில்லை. இந்தப் பகுதியின் பல நகரங்களில் தனியார் காலரிகளே அபூர்வம். அச்சிட்ட கேட்டலாக் கிடைக்காது. இணையம் கிடையாது. விமானம் ஏறிப் போய், ஒருவரைப் பிடித்து, அவர் சொல்லும் இன்னொருவர் வீட்டுக்குப் போய், பின்கட்டில் சாய்த்து வைத்திருக்கும் கேன்வாஸ்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆஸ்திரேலிய க்யூரேட்டர் (படைப்புகளைத் தேர்ந்தெடுத்துக் காட்சி அமைப்பவர்) ஒருவரோடு அந்த நாட்டின் விமர்சகர், கலைஞர், ஆசிரியர் யாராவது சேர்ந்து தேர்வு செய்யும் முறை வைத்தார்கள். பிற்காலக் கண்காட்சிகளில் கூடத்தின் சொந்த க்யூரேட்டர்கள் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். முதல் முறையில் குரல்கள் அதிகம், குழப்பமும் அதிகம். இரண்டாவதில் தெளிவு அதிகம், பிரிஸ்பேனின் ருசி தூக்கலாகத் தெரியும். முதல் முறையில் இருந்த சண்டை சச்சரவுகள் சேகரிப்புக்கு நல்லதையே செய்தன என்பது என் கருத்து.

முதல் கண்காட்சியிலிருந்து சேகரிப்புக்குள் வந்த ஒரு படைப்பைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். தாய்லாந்துக் கலைஞர் மோந்தியன் பூன்மா 1992-இல் செய்த ‘தாமரை ஒலி’. சுட்ட மண்ணால் ஆன மணிகள், நூற்றுக்கணக்கில். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வளைவான ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் தங்க முலாம் பூசிய தாமரை இதழ்கள் காற்றில் மிதப்பதுபோல இருக்கும். மணிகள் ஒலிப்பதில்லை. சுவரைத் தாண்டி உள்ளே போகவும் முடியாது. இடுக்குகள் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பார்வையாளருக்கு இது தியானம். கிடங்குப் பொறுப்பாளருக்கோ இது ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகப் பொதிந்து, எண் போட்டு, பெட்டியில் வைத்து, மறுபடி காட்சிக்கு வரும்போது அதே வளைவில், அதே உயரத்தில், ஒன்றும் உடையாமல் அடுக்க வேண்டிய வேலை. பூன்மா 2000-இல் இறந்துவிட்டார். எந்த மணி எங்கே என்று இனி அவரிடம் கேட்க முடியாது. வாங்கும்போதே வரைபடமும் புகைப்படமும் அளவுகளும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் கூடத்தால்தான் இப்படிப்பட்ட படைப்பைத் தொடர்ந்து உயிரோடு வைத்திருக்க முடியும்.

அதே 1993 கண்காட்சியில் இந்தோனேசியாவின் டாடாங் கிறிஸ்டாந்தோ, வன்முறைக்குப் பலியானவர்களுக்காக ஒரு நிறுவல் படைப்பை (பல பொருள்களைக் கொண்டு ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பது) வைத்தார். ஏழைகள், துன்பப்படுபவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள், குரலற்றவர்கள் என்று நீண்டுகொண்டே போகும் தலைப்பு அதற்கு. யாரும் சொல்லாமலே பார்வையாளர்கள் அதன் அடியில் பூக்களையும் கடிதங்களையும் வைக்க ஆரம்பித்தார்கள். சுஹார்த்தோ ஆட்சியின் கொடுமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத பிரிஸ்பேன்வாசிகள் தங்கள் வீட்டுத் துக்கங்களையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். இந்தப் படைப்பையும் கூடம் வாங்கியது. ஊர் மக்கள் ஒரு படைப்பை ஏற்கெனவே தங்களுடையதாக்கிக்கொண்டபிறகு வாங்குவதும், ஏல அட்டவணையைப் பார்த்து வாங்குவதும் வேறு வேறு. கண்காட்சி வழியாகச் சேகரிப்பதன் முதல் லாபம் இது. முதல் கண்காட்சிக்கு சுமார் 60,000 பேர் வந்தார்கள். அனுமதி இலவசம், இன்றும் அப்படித்தான்.

சரி, ஒரு படைப்பை ‘வாங்குவது’ என்றால் உள்ளே என்ன நடக்கும்? வெளியிலிருந்து பார்க்கும்போது இயக்குநருக்குப் பிடித்திருந்தது, காசோலை எழுதினார் என்று தோன்றலாம். பொதுப் பணத்தில் நடக்கும் அருங்காட்சியகத்தில் அது சாத்தியமில்லை. க்யூரேட்டர் முதலில் எழுத்தில் ஒரு முன்மொழிவு வைக்க வேண்டும்: இந்தப் படைப்பு ஏன், இந்தக் கலைஞரின் மற்றவற்றை விட்டுவிட்டு இது ஏன், நம்மிடம் ஏற்கெனவே இருப்பவற்றோடு இது எப்படிப் பேசும், விலை நியாயமானதா. பாதுகாப்பு நிபுணர் பொருளின் நிலையைப் பார்த்து அறிக்கை கொடுப்பார்: இந்தப் பசை பத்து வருடம் தாங்குமா, இந்த மரத்தில் பூச்சி இருக்கிறதா, வெளிநாட்டிலிருந்து வருவதால் பூச்சியும் நோயும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் குவாரண்டைன் விதிகள் என்ன சொல்கின்றன. ஆஸ்திரேலியாவில் கடைசி விஷயம் மிகக் கண்டிப்பானது. விதை, புல், தோல், பதப்படுத்தாத மரம் எதுவும் சும்மா உள்ளே வராது. பதிவாளர் உரிமை ஆவணங்களைச் சரிபார்ப்பார். பதிப்புரிமை கலைஞரிடமே இருக்கும். படம் எடுத்துப் பிரசுரிக்க அனுமதி தனியாக வாங்க வேண்டும். கடைசியில் விஷயம் அறங்காவலர் குழுவின் மேசைக்குப் போகும். குயின்ஸ்லாந்தில் அந்தக் குழு 1987-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அவர்கள் ஒப்புக்கொண்டால் மாநிலத்தின் சொத்து. பிறகு சுலபத்தில் விற்றுவிட முடியாது. அதனால்தான் உள்ளே விடுவதில் இத்தனை வாசல்கள்.

கண்காட்சிக்கென்று செய்யச் சொல்லி வாங்கும்போது இதில் ஒரு சுதந்திரமும் ஒரு ஆபத்தும் சேர்கின்றன. இன்னும் பிறக்காத படைப்புக்குப் பணத்தையும் இடத்தையும் ஒதுக்குகிறோம். அது தோற்றும் போகலாம். சாய் குவோ-சியாங் கதை இதற்கு நல்ல சாட்சி. சீனாவில் பிறந்து வெடிமருந்தைக் கொண்டு வேலை செய்யும் இவரை 1996-இல் இரண்டாவது ட்ரையன்னியலுக்கு அழைத்தார்கள். பிரிஸ்பேன் ஆற்றில் வெடித்திரி ஒன்று பாம்பு மாதிரி நெளிந்து எரிந்துகொண்டு போக வேண்டும் என்பது திட்டம். சீனத்து டிராகனும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் வானவில் பாம்பும் சந்திக்கும் இடம். நிகழ்ச்சிக்குச் சற்று முன் வாணவேடிக்கைப் பொருள் இருந்த தொழிற்சாலையே வெடித்துவிட்டது. திட்டம் ரத்து. அவர் வெடிமருந்தால் வரைந்த ஓவியங்கள் மட்டும் மிஞ்சின. 1999-இல் மறுபடி அழைத்தார்கள். இந்த முறை 99 அலுமினியப் படகுகளில் சாராயத்தை ஊற்றிக் கொளுத்தி ஆற்றில் விடுவது திட்டம். படகுகள் மூழ்கிவிட்டன.

இரண்டு முறை, எல்லார் கண் முன்னாலும், பொதுப் பணத்தில். வேறு எந்த நிர்வாகமாக இருந்தாலும் அந்தக் கலைஞரின் பெயரை மறந்திருக்கும். பிரிஸ்பேன் மறக்கவில்லை. 2013-இல் அவருடைய பெரிய தனிக் கண்காட்சியை நடத்தியது. அதற்காக அவர் குயின்ஸ்லாந்துக்கு வந்து, கடற்கரைக்கு அப்பால் உள்ள ஸ்ட்ராட்புரோக் தீவின் ஏரிகளைப் பார்த்துவிட்டுச் செய்தது ‘ஹெரிடேஜ்’. வெள்ளை மணல் சூழ்ந்த நீல நீர்நிலை. அதைச் சுற்றி உயிரளவில் 99 விலங்குகளின் உருவங்கள் தலை குனிந்து தண்ணீர் குடிக்கின்றன. புலியும் மானும் பக்கத்தில் பக்கத்தில். மேலே கூரையிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு நீர் விழும். வட்ட வட்டமாக அலை விரியும். ஜோஸஃபின் உல்ரிக், வின் ஷூபர்ட் பெயரிலான அறக்கட்டளையின் நன்கொடையால் இது நிரந்தரச் சேகரிப்பில் சேர்ந்தது. முதல் அழைப்புக்கும் இதற்கும் இடையில் பதினேழு வருடங்கள். சேகரிப்பு வளரும் வேகம் இப்படித்தான் இருக்கும், ஒரு நிதியாண்டுக்குள் அடங்காது என்பதை நிதித் துறைக்குப் புரியவைப்பதுதான் இயக்குநரின் உண்மையான வேலை.

வாங்கியது சரியாக என்ன என்று சொல்ல முடியாத படைப்புகளும் உண்டு. 2002 ட்ரையன்னியல் கொஞ்சம் பேரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆழமாகப் போனது; ஜப்பானின் யாயோய் குசாமா, வீடியோ கலையின் முன்னோடி நாம் ஜூன் பைக், கொரியாவில் பிறந்த லீ உஃபான் எல்லாம் அதில் இருந்தார்கள். கண்ணாடிபோலப் பளபளக்கும் சுமார் 2,000 எஃகு உருண்டைகளைக் கொண்ட குசாமாவின் ‘நார்சிஸஸ் கார்டன்’ கூடத்தின் உள்ளே இருக்கும் நீர்த் தடாகத்தில் மிதந்தது. அதே சமயம் குழந்தைகளுக்காக அவர் ஒரு யோசனை கொடுத்தார். ஒரு வீட்டுக் கூடம், சோபா, மேசை, கோப்பை, சுவர் எல்லாமே தூய வெள்ளை. உள்ளே வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் வண்ண வட்ட ஸ்டிக்கர்கள் ஒரு தாள் கொடுக்கப்படும். எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். சில வாரங்களில் அறை கரைந்து வெறும் புள்ளிகளாகிவிடும். ‘தி ஆப்லிட்டரேஷன் ரூம்’ என்ற இந்தப் படைப்பு பிறந்தது பிரிஸ்பேனில். இன்று உலகத்தின் பல நகரங்களுக்குப் போய்வந்துவிட்டது.

இதில் கிடங்கில் வைக்க என்ன இருக்கிறது? புள்ளி நிறைந்த சோபாவையா? இல்லை. அறையை எப்படி அமைப்பது, புள்ளியின் அளவும் நிறமும் என்ன, சாமான்கள் அந்த அந்த ஊர்ச் சாதாரண வீட்டுச் சாமான்களாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளே இதன் உடல். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். இப்படிப்பட்டவற்றை ஏற்றுக்கொள்ளும்போது அருங்காட்சியகம் பொருளின் காவலன் என்பதிலிருந்து, ஒரு நிகழ்ச்சியை விதி தவறாமல் திரும்ப நடத்துபவன் என்ற இடத்துக்கு நகர்கிறது. நம் கோயில்களில் வருடா வருடம் புதிதாகப் பந்தல் போட்டுப் பழைய முறைப்படி திருவிழா நடத்துவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பெரிய அதிசயம் இருக்காது.

வீடியோவும் மின்கருவிகளும் இதைவிடத் தொல்லை. நாம் ஜூன் பைக் தலைமுறையின் படைப்புகள் பெரும்பாலும் பழைய பிக்சர் ட்யூப் தொலைக்காட்சிகளை நம்பிச் செய்யப்பட்டவை. அந்தப் பெட்டிகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2006-இல் பிரிஸ்பேனுக்காகச் செய்த ‘பூமராங்’, கண்ணாடிக் குஞ்சங்கள் தொங்கும் பிரம்மாண்டமான சரவிளக்கு. அதற்குள் இழை பல்புகள். ஆஸ்திரேலியா 2009-லிருந்து அந்த வகை பல்புகளை வழக்கொழிக்கத் தொடங்கியது. பல்பை எல்இடியாக மாற்றினால் ஒளியின் மஞ்சள் மாறும். ஒளி மாறினால் படைப்பு மாறுமா? இதைக் கலைஞர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிட வேண்டும். சமகாலக் கலையைச் சேகரிப்பவருக்கு இருக்கும் ஒரே பெரிய சலுகை, கேட்பதற்கு ஆள் இருப்பதுதான். அதைப் பயன்படுத்தாமல் விட்ட அருங்காட்சியகங்கள் பின்னால் ஊகத்தில் வேலை செய்கின்றன.

விலைக்கு வருவோம். பிரிஸ்பேன் ஆசியாவைப் பார்த்த நேரம் அதற்குப் பெரும் சகாயம் செய்தது. சீனாவின் ஜாங் சியாவ்காங், பழைய குடும்பப் புகைப்படம் போன்ற சாம்பல் நிற முகங்களை வரைபவர். அவருடைய ‘மூன்று தோழர்கள்’ என்ற 1994-ஆம் வருட ஓவியம் தொண்ணூறுகளிலேயே பிரிஸ்பேனின் சேகரிப்புக்கு வந்துவிட்டது. அப்போது சீன சமகாலக் கலைக்கு உலகச் சந்தையில் பெரிய மதிப்பு இல்லை. 2011-இல் ஹாங்காங் ஏலம் ஒன்றில் அதே கலைஞரின் வேறொரு ஓவியம் சுமார் 1 கோடி அமெரிக்க டாலருக்குப் போனது. இன்றைக்கு மாகாண அருங்காட்சியகம் எதுவும் அந்த வாசலில் நிற்கவே முடியாது. முன்கூட்டியே போனவர்களுக்கு மட்டும் கிடைப்பது இது. ஆனால் சந்தை ஏறும் என்று கணக்குப் போட்டு அவர்கள் வாங்கவில்லை. தங்கள் கண்காட்சிக்கு வந்ததைத் தங்கள் கண்ணை நம்பி வாங்கினார்கள். கணக்குப் போட்டு வாங்கியிருந்தால் பூன்மாவின் மண் மணிகளை வாங்கியிருக்க மாட்டார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது? அரசு கொடுப்பது நிர்வாகத்துக்கே போதும் போதாததாக இருக்க, வாங்குவதற்கான பணத்தில் பெரும் பங்கு நன்கொடை. 1979-இல் கூடத்துக்கென்று ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரேலிய அரசு கலைப் படைப்புகளைப் பொது அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பவர்களுக்கு வரிச் சலுகை கொண்டுவந்திருந்தது. மயர் குடும்பத்தின் நன்கொடையில் ‘கென்னத் அண்ட் யாசுகோ மயர் சமகால ஆசியக் கலைச் சேகரிப்பு’ என்றே ஒரு பகுதி உருவானது. நன்கொடையில் ஒரு கவனம் தேவை. கொடுப்பவர் தனக்குப் பிடித்ததைக் கொடுப்பார். கூடத்துக்கு வேண்டியது வேறாக இருக்கும். வேண்டாததை மரியாதையாக மறுக்கும் துணிவு, எழுதி வைத்த சேகரிப்புக் கொள்கை இருந்தால்தான் வரும். “எங்கள் கொள்கை இடம் தரவில்லை” என்று சொல்வது, “உங்கள் படம் எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்வதைவிட எவ்வளவோ சுலபம். பிரிஸ்பேனில் ஆசியா-பசிபிக் என்ற திசை முன்பே தீர்மானமாகியிருந்ததால் நன்கொடையாளர்களும் அந்தத் திசையில் கொடுக்கப் பழகினார்கள்.

2006 டிசம்பரில், ஆற்றங்கரையிலேயே பழைய கட்டடத்துக்குப் பக்கத்தில் நவீனக் கலைக்கூடம் என்ற இரண்டாவது பெரிய கட்டடம் திறந்தது. ஐந்தாவது ட்ரையன்னியலோடு திறந்தது என்பது பொருத்தம். அதுவரை சேர்ந்த சேகரிப்புதான் அந்தக் கட்டடத்துக்கான நியாயமே.

பசிபிக் தீவுகளின் பக்கம் போகும்போது இன்னொரு கேள்வி எழுந்தது. யார் ‘சமகாலக் கலைஞர்’? 2012-இல் பாப்புவா நியூ கினியின் செபிக் பகுதியிலிருந்து குவோமா மக்களின் கலைஞர்கள் பிரிஸ்பேன் வந்து, தங்கள் ஊரில் சடங்கு வீட்டின் கூரை உட்புறத்தில் வரையும் ஓவியங்களையும் செதுக்கிய மரத்தூண்களையும் கொண்டு ஒரு அமைப்பை எழுப்பினார்கள். நூறு வருடத்துக்கு முன்பாக இருந்தால் இது மானுடவியல் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குப் போயிருக்கும், செய்தவர் பெயர் இல்லாமல். இங்கே செய்தவர்களின் பெயரோடு, அந்த வருடத்தின் படைப்பாக, வீடியோ கலைக்கும் நிறுவல் கலைக்கும் பக்கத்தில் நின்றது. 2015-இல் தொடங்கிய எட்டாவது கண்காட்சியில் இந்தியாவிலிருந்து மிதிலை ஓவியர் புஷ்பா குமாரி, கோண்டு ஓவியர் வெங்கட் ராமன் சிங் ஷியாம், வார்லி ஓவியர் ராஜேஷ் சைத்யா வாங்கட் முதலானவர்களை இதே பார்வையில் அழைத்தார்கள். பிரிஸ்பேன் செய்ததில் மிகப் பெரிய விஷயமாக நான் கருதுவது இதைத்தான். நம் நாட்டிலேயே இவர்களைக் கைவினைக் கண்காட்சிக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை.

குறைகளும் இருக்கின்றன. கண்காட்சி வழியாகச் சேகரித்தால் கண்காட்சியில் எடுபடுவதுதான் சேகரிப்புக்கு வரும். பெரியது, பளபளப்பது, ஒரே பார்வையில் ஆளை இழுப்பது ஆகியவற்றுக்குச் சாதகம். கையளவு காகிதத்தில் முப்பது வருடம் வரைந்துகொண்டிருக்கும் ஒருவர் இந்த வலையில் சிக்கமாட்டார். இரண்டாவது, வரலாறு விடுபடும். 1990-க்குப் பிந்தைய இந்தோனேசியாவோ இந்தியாவோ திடீரென்று வானத்திலிருந்து குதித்ததுபோலத் தெரியும். அதற்கு முன்னால் இருந்த அரை நூற்றாண்டு நவீன ஓவியம் அங்கே மெலிவாகத்தான் இருக்கும். மூன்றாவது, அரசியல். 2009-இல் வட கொரிய அரசு நடத்தும் மான்சுடே கலைக்கூடத்துப் படைப்புகள் காட்டப்பட்டன. அவற்றைச் செய்தவர்கள் வருவதற்கு ஆஸ்திரேலிய அரசு விசா மறுத்துவிட்டது. படம் வரலாம், ஆள் வரக்கூடாது. வெளியுறவுக் கொள்கையின் காற்றில் ஏறிக் கிளம்பிய கப்பல் அந்தக் காற்றின் திசைக்கும் கட்டுப்பட்டதுதான்.

ஃபுகுவோகா இந்த விஷயத்தில் வேறு மாதிரி. அதன் கவனம் மேற்கே பாகிஸ்தான், வடக்கே மங்கோலியா, தெற்கே இந்தோனேசியா வரை. சமகாலத்தோடு நிற்காமல் பின்னோக்கியும் வாங்கினார்கள். 1997-இல் தென்கிழக்கு ஆசியாவில் நவீன ஓவியம் எப்படிப் பிறந்தது என்றே ஒரு ஆய்வுக் கண்காட்சி நடத்தினார்கள். அதோடு, பெரிய அருங்காட்சியகங்கள் திரும்பிப் பார்க்காத பொருள்களையும் எடுத்துக்கொண்டார்கள். வங்காளதேசத்து சைக்கிள் ரிக்‌ஷாக்களின் பின்புறத் தகடுகளில் வரையப்படும் சினிமா நட்சத்திரங்களும் மயில்களும், ஷாங்காயின் பழைய காலண்டர் அழகிகள், இந்தியாவின் அச்சிட்ட சாமி படங்கள். நம் வீட்டுச் சுவரில் பொட்டு வைத்துத் தொங்கும் படம் அங்கே வெப்பநிலை கட்டுப்படுத்திய கிடங்கில் இருக்கிறது. இவை மலிவானவை, எனவே வாங்க முடிந்தது. ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் வாங்கவில்லை. ஆசியாவின் நவீன ஓவியம் கலைக்கல்லூரியில் மட்டும் பிறக்கவில்லை, அச்சகத்திலும் தெருவிலும் பிறந்தது என்ற வாதம் அந்தத் தேர்வில் இருக்கிறது.

இன்னொன்று, ஃபுகுவோகா கலைஞர்களைச் சில மாதம் ஊரிலேயே தங்கவைக்கிறது. அருங்காட்சியகம் திறந்த புதிதில் மும்பையிலிருந்து நளினி மலானி போய்த் தங்கி, அங்கே ‘ஹேம்லெட்மெஷின்’ என்ற வீடியோ நிறுவல் படைப்பைச் செய்தார். விமானச் செலவும் தங்கும் செலவும் ஏல விலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கலைஞர் அந்த ஊர் மீன் சந்தையையும் பள்ளிப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுச் செய்யும் படைப்பு அந்த ஊரோடு ஒட்டிக்கொள்ளும். சின்ன அருங்காட்சியகங்கள் பின்பற்றக்கூடிய வழி என்றால், பிரிஸ்பேனின் மாபெரும் கண்காட்சியைவிட இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

ஃபுகுவோகாவின் மூவாண்டுக் கண்காட்சி 1999, 2002, 2005, 2009, 2014 என்று ஐந்து முறை நடந்தது. அதற்குப் பிறகு அந்த வரிசை தொடரவில்லை. ஆனாலும் அருங்காட்சியகம் நிற்கவில்லை. ரிக்‌ஷாத் தகடுகளும் சாமி படங்களும் ஐம்பதுகளின் எண்ணெய் ஓவியங்களும் கையில் இருந்ததால், இருப்பதை வைத்தே புதுப் புது கோணங்களில் காட்சி வைக்க முடிகிறது. தங்கிப் பணிபுரியக் கலைஞர்கள் இன்னும் வருகிறார்கள். பிரிஸ்பேனில் ட்ரையன்னியல் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினோராவது 2024 நவம்பரில் திறந்தது. மொத்தச் சேகரிப்பு 20,000 படைப்புகளைத் தாண்டிவிட்டது. அந்த ஆற்றங்கரையில் 2011-லும் 2022-லும் வெள்ளம் வந்து கூடம் கதவை மூட வேண்டியிருந்தது. அடுத்த பத்து வருடத்தில் அவர்கள் அதிகம் செலவழிக்கப்போவது புதிய படைப்புகளுக்கா, இருப்பவற்றை உயரமான, உலர்ந்த இடத்தில் வைப்பதற்கா என்ற கேள்வியை அறங்காவலர் குழு தள்ளிப்போட முடியாது.